கல்லாப்பெட்டியும் கார்னிவலும்: நாட்டிங் ஹில் நிகழ்வு ஆய்வு

ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்களும் அதற்கு முந்தின ஞாயிறும் மேற்கு லண்டனில் நாட்டிங் ஹில் பக்கம் போனால் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. நாட்டிங் ஹில் கார்னிவல் என்ற கரீபியத் தெருவிழா, இரண்டு நாளில் பத்து லட்சத்துக்கும் மேல் ஜனம். இறகு வைத்த உடைகள், லாரி மேல் இசைக்குழு, மூலைக்கு மூலை ஆளுயர ஸ்பீக்கர்கள், எண்ணெய் பீப்பாய் அடுப்பில் வேகும் கோழி. படங்களில் வருவது இவ்வளவுதான், சுற்றுலாக் கட்டுரைகளிலும் இதுதான் வரும். இது எப்படி வந்தது, ஏன் அறுபது வருஷமாகச் சாகாமல் இருக்கிறது என்று கேட்டால் "கரீபிய மக்களின் கொண்டாட்ட மனநிலை" என்று ஒரு பதில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொண்டாட்ட மனநிலை எல்லா ஊரிலும் இருக்கிறது, எல்லா ஊரிலும் கார்னிவல் நிலைப்பதில்லை.

என் பார்வையில் இது கல்லாப்பெட்டி சம்பந்தப்பட்ட கதை. இந்த விழாவுக்குப் பின்னால், வருஷம் முழுக்கக் கதவைத் திறந்து வைத்திருந்த சில இடங்கள் இருந்தன: ஒரு ரெக்கார்டு கடை, அதன் மாடியில் ஒரு பத்திரிகை, ஒரு சாப்பாட்டுக் கடை, நிலவறைகளில் நடந்த சில டான்ஸ் பார்ட்டிகள். வாடகையைத் தாங்களே கட்டிய இடங்கள். யாரிடமும் மனு போடாமல் கூட்டம் கூட்டலாம், பாட்டுக் கேட்கலாம், நோட்டீஸ் அடிக்கலாம், போலீஸ் பிடித்துப் போனவனுக்கு வக்கீல் தேடலாம். ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் எந்தத் தீவில், எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் ஒரே அரசியலுக்குள் சேர வேண்டும் என்ற பான்-ஆப்பிரிக்கக் கருத்து, மாநாட்டுத் தீர்மானங்களில் இருந்ததைவிட இந்த அறைகளில்தான் அன்றாடம் புழங்கியது.

கார்னிவலுக்கு முன்பே இருந்த பழக்கம்

1936இல் லண்டன் கார்னபி தெருவில் ஃப்ளோரன்ஸ் மில்ஸ் சோஷியல் பார்லர் என்று ஒரு கிளப் திறந்தது. நடத்தியவர்களில் ஒருவர் சாம் மானிங் என்ற ட்ரினிடாட் பாடகர் (பாடியது கலிப்சோ, அந்தத் தீவின் பாட்டு வகை), இன்னொருவர் ஏமி ஆஷ்வுட் கார்வி. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1914இல் மார்கஸ் கார்வியோடு சேர்ந்து யூ.என்.ஐ.ஏ. என்ற உலகக் கறுப்பர் இயக்கத்தைத் தொடங்கியவர் இவர். பிற்பாடு அவரையே மணந்து பிரிந்தார். வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் "கார்வியின் முதல் மனைவி" என்று ஒற்றை வரியில் தாண்டிவிடும், அது அநியாயம். அந்தக் கிளப்பில் ராத்திரி இசை, கரீபியச் சாப்பாடு, பக்கத்து மேசையில் ட்ரினிடாட்டில் பிறந்த பான்-ஆப்பிரிக்கச் சிந்தனையாளர்கள் சி.எல்.ஆர். ஜேம்ஸும் ஜார்ஜ் பட்மோரும் எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்ததைப் பற்றி விவாதித்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது மான்செஸ்டர். 1945 அக்டோபரில் சார்ல்டன்-ஆன்-மெட்லாக் டவுன் ஹாலில் நடந்த ஐந்தாவது பான்-ஆப்பிரிக்க மாநாடு பிரபலமானது, க்வாமே என்க்ருமா, ஜோமோ கென்யாட்டா, அமெரிக்கக் கறுப்பு அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ் எல்லாரும் வந்தார்கள், முதல் அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் அதே ஏமி ஆஷ்வுட் கார்வி. ஆனால் அந்த மாநாட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ராஸ் மக்கொன்னனிடமிருந்து. பிரிட்டிஷ் கயானாவில் பிறந்தவர். மான்செஸ்டரில் அவர் நடத்திய ரெஸ்டாரண்டுகளின் லாபம் மாநாட்டுச் செலவுக்குப் போனது. பிற்காலத்தில் கானாவையும் கென்யாவையும் ஆளப்போகிறவர்கள் அந்த ஊரில் கூடிப் பேச முடிந்ததற்கு ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரின் கல்லா காரணம். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

1958

அந்த வருஷம் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 5 வரை நாட்டிங் ஹில்லில் கலவரம். அதற்குச் சில நாள் முன்புதான் நாட்டிங்ஹாம் நகரத்திலும் நடந்தது (இரண்டும் வேறு வேறு ஊர், பெயர் குழப்பும்). கும்பல் கும்பலாக வெள்ளைக்கார இளைஞர்கள், பலர் 'டெடி பாய்' என்ற அந்தக் கால ஸ்டைல் கோஷ்டி வகையறா, கறுப்பர் வீடுகளின் ஜன்னல்களை உடைத்தார்கள், கையில் கிடைத்த கம்பி, சைக்கிள் செயின் எல்லாம் ஆயுதம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆள் பற்றாக்குறையில் பிரிட்டனே வரவேற்ற மக்கள்தான் அவர்கள். பஸ் ஓட்டவும் மருத்துவமனையில் வேலை பார்க்கவும் வேண்டியிருந்தார்கள், வாடகைக்கு வீடு கேட்டால் மட்டும் கதவு சாத்தப்பட்டது. மிச்சமிருந்த இடிந்த வீடுகளைப் பீட்டர் ராக்மன் மாதிரியான ஆட்கள் அறை அறையாகப் பிரித்து அநியாய வாடகைக்கு விட்டார்கள்.

இங்கே ஒரு தமிழர் வருகிறார். அம்பலவாணர் சிவானந்தன், கொழும்பில் வங்கி வேலையில் இருந்தவர், 1958 தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டுக் கிளம்பி லண்டன் வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்த இடத்தில் நாட்டிங் ஹில் கலவரம். ஒரே வருஷத்தில் இரண்டு ஊரில் இரண்டு நெருப்பு. அந்த அனுபவம்தான் தன்னை உருவாக்கியது என்று பிறகு அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்து, 1972இல் அந்த நிறுவனத்தையே அதன் பணக்கார நிர்வாகக் குழுவின் கையிலிருந்து ஊழியர்களும் உறுப்பினர்களுமாகப் பிடுங்கிய கதை தனி. ஆசியரும் ஆப்பிரிக்கரும் சேர்ந்து 'கறுப்பர்' என்ற ஒரே அரசியல் பெயருக்குள் நின்ற காலத்தின் முக்கியமான குரல் அவருடையது. நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

சரி, கார்னிவலுக்கு வருவோம். கிளாடியா ஜோன்ஸ். 1915இல் ட்ரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தார், எட்டு வயதில் நியூயார்க் போனார், ஹார்லெமில் வறுமையில் வளர்ந்தார், காசநோய் வந்து நுரையீரலும் இதயமும் பாழாயின. இளம் கம்யூனிஸ்ட் கழகத்தில் சேர்ந்து பத்திரிகையாளரானார். அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய மெக்கார்த்தி காலத்தில் சிறையில் போட்டு, 1955 டிசம்பரில் நாடு கடத்தினார்கள். பிறந்த மண்ணுக்கே அனுப்பியிருக்கலாம், ஆனால் ட்ரினிடாட்டின் பிரிட்டிஷ் ஆளுநர் இந்தப் பெண் தொந்தரவாக இருப்பார் என்று மறுத்துவிட்டார். அதனால்தான் லண்டன். பேரரசு தன் தலைவலியைத் தானே தலைநகருக்கு வரவழைத்துக்கொண்டது.

1958 மார்ச்சில் பிரிக்ஸ்டன் ரோடு 250ஆம் எண்ணில், தியோ கேம்பலின் ரெக்கார்டு கடைக்கு மேலே, 'வெஸ்ட் இந்தியன் கெஜட்' பத்திரிகையைத் தொடங்கினார் கிளாடியா. ஏமி ஆஷ்வுட் கார்வி ஆசிரியர் குழுவில் இருந்தார். நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் அபிமன்யு மன்சந்தா என்ற இந்தியர், கிளாடியாவின் துணைவர். பிறகு பத்திரிகைப் பெயரோடு 'ஆஃப்ரோ-ஏஷியன் கரீபியன் நியூஸ்' என்பதும் சேர்ந்தது. கீழே ஜனம் புது ரெக்கார்டு வாங்க வரும், அப்படியே படியேறினால் மேலே பத்திரிகை. வேலை தேடி வந்தவன், வீட்டுக்காரன் துரத்திவிட்டவன், போலீஸ் அடித்தவன் எல்லாரும் அந்தப் படியில் ஏறினார்கள். பத்திரிகைக்கு எழுதியவர்களில் டொனால்ட் ஹைண்ட்ஸ் பகலில் பஸ் கண்டக்டர். அமெரிக்காவின் வெள்ளை இனவெறிக் கும்பலான கு க்ளக்ஸ் கிளான் பெயரில் மிரட்டல் கடிதமும் அந்த முகவரிக்கு வந்தது. காசு எப்போதும் இழுபறிதான்.

சூடாக்கப்பட்ட டவுன் ஹாலில் ஒரு ட்ரினிடாட்

கலவரம் முடிந்த சில மாதத்தில் ஒரு கூட்டம். இந்தக் கசப்பை வாயிலிருந்து எப்படிக் கழுவுவது என்று கிளாடியா கேட்க, ஒருவர் கார்னிவல் நடத்தலாம் என்றாராம். எல்லாரும் சிரித்தார்கள். லண்டன் குளிரில், மரமே மொட்டையாக நிற்கும் காலத்தில், அரை உடம்பு தெரியும் உடையில் தெருவில் ஆடுவதா? ஆனால் ட்ரினிடாட்டில் கார்னிவல் கிறிஸ்தவர்களின் நோன்பு காலத்துக்கு முன்னால், பிப்ரவரி மார்ச் வாக்கில் வருவது, தேதியை அதை ஒட்டி வைத்தால்தான் அது கார்னிவல். அதனால் கூரைக்கு உள்ளே நடத்த முடிவாயிற்று.

1959 ஜனவரி 30, செயின்ட் பாங்க்ரஸ் டவுன் ஹால். மேடையை இயக்கியவர் ட்ரினிடாட் நடிகரும் பாடகருமான எட்ரிக் கானர். மைட்டி டெரர் கலிப்சோ பாடினார், போஸ்கோ ஹோல்டர் குழு ஆடியது, கிளியோ லேன் பாடினார், ஸ்டீல் பான் (எண்ணெய் பீப்பாயில் செய்த வாத்தியம்) குழுக்கள் வந்தன, கார்னிவல் ராணிப் போட்டி நடந்தது. பிபிசி படம்பிடித்து ஒளிபரப்பியது. அழகிப்போட்டி என்றதும் இப்போது முகம் சுளிப்போம். ஆனால் கறுப்புப் பெண்ணை அழகி என்று ஆங்கிலேயப் பத்திரிகைகள் அநேகமாகப் போடாத 1959இல் அதற்கு இருந்த அர்த்தம் வேறு, அதைச் செய்தது நாற்பது வயதைத் தாண்டிய ஒரு கம்யூனிஸ்ட் பெண் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு இதில் மேடையைவிட முக்கியமாகப் படுவது, அன்றைக்கு விற்ற நிகழ்ச்சி மலர். ஒரு மக்களின் கலையில்தான் அவர்களுடைய விடுதலை பிறக்கிறது என்ற பொருளில் அதில் ஒரு வாசகம் இருந்தது, அதை இன்றைக்கு எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே மலரில் இன்னொரு சிறு குறிப்பும் இருந்தது: இந்த மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, நாட்டிங் ஹில் சம்பவங்களில் சிக்கிய கறுப்பு, வெள்ளை இளைஞர்களின் அபராதத் தொகையைக் கட்ட உதவும் என்று. வெள்ளை இளைஞர்களுக்குமா? ஆமாம், அப்படித்தான் அச்சடித்தார்கள். ஆட்டம், பாட்டு, விற்பனை, கோர்ட் அபராதம் எல்லாம் ஒரே தாளில். இதை நான் அமைப்பு வேலையின் பாடப்புத்தக உதாரணமாகவே எடுத்துக்கொள்கிறேன், வந்தவன் டான்ஸ் பார்க்கத்தான் வந்தான், போகும்போது சட்ட உதவி நிதிக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனான்.

அதன்பின் நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1959 மே 17, நள்ளிரவு தாண்டி, ஆன்டிகுவாவிலிருந்து வந்த கெல்சோ காக்ரேன் என்ற 32 வயதுத் தச்சர் சவுதாம் தெருவில் வெள்ளை இளைஞர் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டார். இன்றுவரை அந்தக் கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. ஜூன் 6 இறுதி ஊர்வலத்தில் ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் வந்தார்கள், ஊர்வலத்தின் பின்னணியில் வேலை செய்தவர்களில் கிளாடியாவும் ஏமியும் உண்டு. தீவுகளுக்குள் போட்டியும் இளக்காரமும் நிறைய. ஜமைக்காக்காரர் சின்னத் தீவுக்காரரைக் கிண்டல் செய்வார், ட்ரினிடாட்காரர் இருவரையும். சொந்த ஊரில், பிரிட்டிஷ் கரீபியத் தீவுகள் சேர்ந்து 1958 ஜனவரியில் தொடங்கிய மேற்கிந்தியக் கூட்டாட்சி 1962 மே மாதம் கலைந்தே போனது. அதே நான்கு வருஷத்தில், லண்டனில் அதே தீவுக்காரர்கள் ஒரே பாடையின் பின்னால் நடந்தார்கள், ஒரே ஹாலில் ஆடினார்கள். அடித்தவன் தீவு பார்த்து அடிக்கவில்லை என்பது ஒரு காரணம், கூடுவதற்கு ஓர் இடமும் ஒரு பத்திரிகையும் இருந்தது இன்னொரு காரணம்.

கிளாடியா வருஷாவருஷம் ஏதாவது ஒரு ஹாலில் கார்னிவலை நடத்தினார். இடையில் அமெரிக்கக் கறுப்புப் பாடகர் பால் ராப்ஸனின் கச்சேரி, தென்னாப்பிரிக்க இனவெறிக்கு எதிரான வேலை, காமன்வெல்த் மக்கள் பிரிட்டன் வருவதைக் கட்டுப்படுத்திய 1962 குடியேற்றச் சட்டத்துக்கு எதிரான பிரச்சாரம், 1963இல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணிக்கு ஆதரவாக அமெரிக்கத் தூதரகத்துக்கு ஊர்வலம். 1964 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இறந்தார், வயது 49. ஹைகேட் கல்லறையில் கார்ல் மார்க்ஸுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அடுத்த வருஷமே கெஜட் நின்றது, உள்ளரங்கக் கார்னிவலும் அவரோடு போனது. ஒருவரின் உழைப்பை நம்பி நின்ற அமைப்பு அவர் போனதும் விழும் என்பது தெரிந்ததுதான். இதைச் சொல்லாமல் அவரைக் 'கார்னிவலின் தாய்' என்று மட்டும் கொண்டாடிவிட்டுப் போவது, நடந்ததில் பாதியை மறைப்பது.

கழுத்தில் மாட்டிய பான்

இரண்டு வருஷம் கழித்து, 1966 செப்டம்பரில், கிளாடியாவோடு எந்த அமைப்புத் தொடர்பும் இல்லாத இன்னொரு பெண் தெருவிழா ஒன்றை நடத்துகிறார். ரோன் லாஸ்லெட், லண்டன் கிழக்குப் பகுதியில் பிறந்த சமூகப் பணியாளர். டவிஸ்டாக் கிரசென்ட்டில் அவர் வீடே அக்கம்பக்கத்துக்கு ஆலோசனை மையம், வீட்டு வாடகைத் தகராறோ குழந்தைக்கு விளையாட இடமோ எதுவானாலும் அங்கே போகலாம். அவரும் இன்னும் சிலரும் 'லண்டன் ஃப்ரீ ஸ்கூல்' என்ற பெயரில் நடத்திய முயற்சியின் பகுதிதான் அந்த விழா. அக்கம்பக்கத்து ஐரிஷ், ஸ்பானிய, போர்ச்சுகீசிய, உக்ரைனிய, ஆப்பிரிக்க, கரீபியக் குழந்தைகளுக்காக நடத்திய சந்தை மாதிரியான கொண்டாட்டம். 'கரீபியக் கார்னிவல்' என்று யாரும் திட்டம் போடவில்லை.

அதற்கு ரஸ்ஸல் ஹெண்டர்சனின் ஸ்டீல் பான் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள், ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஒரு பப்பில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். கூட ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட், ரால்ஃப் செரி. பெட்டன்கோர்ட் 1951இல் ட்ரினிடாட் ஸ்டீல் பான் குழுவோடு பிரிட்டன் விழாவுக்கு வாசிக்க வந்து, மற்றவர்கள் திரும்பிப் போனபோது இங்கேயே தங்கிவிட்டவர். ஸ்டீல் பான் கிட்டத்தில் பார்த்தால் ஒன்றும் இல்லாத பொருள்: எண்ணெய் பீப்பாயின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் குழியாக அடித்து, ஸ்வரத்துக்கு ஸ்வரம் கோடு போட்டுப் பிரித்து, நெருப்பில் காய்ச்சி, மறுபடி தட்டிச் சுருதி சேர்த்தது. பீப்பாயை எவ்வளவு உயரத்தில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ஒலியின் கனம். உயரம் குறைந்தவற்றை வாரில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

ஹெண்டர்சன் குழு மாட்டியிருந்தது அதைத்தான். ஓர் இடத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தவர்கள், கூட்டம் சலிக்கிறது என்று தோன்றவும் தெருவில் நடக்க ஆரம்பித்தார்கள். குழந்தைகள் பின்னால் வந்தார்கள். அப்புறம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த கரீபியர்கள், பல வருஷமாக லண்டனில் கேட்காத அந்தச் சத்தத்தைக் கேட்டு வீட்டு உடையிலேயே இறங்கி வந்தார்கள். எங்கே போகிறோம் என்று வாசித்தவர்களுக்கே திட்டம் கிடையாது. பியானோக்காரர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் இந்த ஊர்வலமே நடந்திருக்காது, வரலாறு சில நேரம் வாத்தியத்தின் எடையில் நிற்கிறது.

அந்த நடைக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. ட்ரினிடாட்டில் அடிமை முறை ஒழிந்தபின் விடுதலையானவர்கள் தீப்பந்தம் ஏந்தி, பறையடித்து, தெருவில் நடந்த 'கன்பூலே' ஊர்வலம்தான் அங்கே கார்னிவலின் முதுகெலும்பு. 1881இல் கேப்டன் பேக்கரின் போலீஸ் அதை நிறுத்தப் பார்த்துப் பெரிய சண்டையானது. அடுத்து வந்த சட்டங்கள் பறையைத் தடுத்தன. மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள், பிறகு பிஸ்கட் டின், அதன் பிறகு எண்ணெய் பீப்பாய். பானின் பிறப்பிலேயே போலீஸ் தடை இருக்கிறது.

'யார் நிறுவனர், கிளாடியாவா ரோனா' என்று லண்டனில் இன்னும் சண்டை போடுகிறார்கள். இருவரும் வெவ்வேறு காரியம் செய்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. கிளாடியா அரசியலைக் கொடுத்தார், ரோன் தெருவைக் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துக் கட்டியது மூன்றாவதாக ஒரு சாப்பாட்டுக் கடை.

ஆல் செயின்ட்ஸ் ரோடு, எண் 8

ஃபிராங்க் கிரிச்லோ, ட்ரினிடாட்காரர். 1968 மார்ச்சில் 'மாங்ரோவ்' ரெஸ்டாரண்டைத் திறந்தார். அதற்கு முன்பு எல் ரியோ என்ற காபிக்கடை நடத்திய அனுபவம் உண்டு. நள்ளிரவு தாண்டியும் சூடான கரீபியச் சாப்பாடு, வேலை முடிந்து வரும் இசைக்கலைஞர்கள், வக்கீல்கள், தெருப்பையன்கள் எல்லாரும் ஒரே மேசையில். பாப் மார்லி, நினா சிமோன் மாதிரி ஆட்களும் வந்துபோன இடம். உள்ளூர்க்காரர்களுக்கு அது தகவல் மையம், வேலை வாய்ப்பு அலுவலகம், சட்ட ஆலோசனை அறை. ஊர்வலத்துக்கான கூட்டமும் கார்னிவல் பேச்சும் அங்கேதான் நடந்தன.

போலீஸுக்கு அது பிடிக்கவில்லை. 1969 ஜனவரியிலிருந்து 1970 ஜூலைக்குள் 12 முறை ரெய்டு, போதைப்பொருள் தேடி. எதுவும் கிடைக்கவில்லை. ராத்திரி 11 மணிக்கு மேல் திறந்து வைக்கும் உரிமத்தையும் பறித்தார்கள், அதாவது நேராகக் கல்லாவில் கைவைத்தார்கள். 1970 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 150 பேர் போலீஸ் நிலையங்களை நோக்கி ஊர்வலம் போனார்கள், மோதல், கைது. கிரிச்லோ, டார்கஸ் ஹோவ், ஆல்தியா ஜோன்ஸ்-லெகோயின்ட், பார்பரா பீஸ் உள்ளிட்ட ஒன்பது பேர் மீது கலவரத்தைத் தூண்டியதாக வழக்கு. லண்டனின் பெரிய குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியில் 55 நாள் விசாரணை. ஹோவும் ஆல்தியாவும் தாங்களே வாதாடினார்கள். 1971 டிசம்பரில் கலவரக் குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேரும் விடுதலை. இருபக்கமும் இன வெறுப்பு இருந்ததாக நீதிபதி சொன்னது, லண்டன் போலீஸைப் பற்றி நீதிமன்றத்தில் அப்படியொரு வார்த்தை வந்த முதல் தடவை.

பணத்தைப் பற்றி இன்னொன்று. வங்கி கடன் தராது, வீட்டுக்கும் தராது கடைக்கும் தராது. கரீபியர்கள் ஊரிலிருந்து கொண்டு வந்த வழியில் சேமித்தார்கள்: வாரா வாரம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுப்பது. ஜமைக்காவில் 'பார்ட்னர்', ட்ரினிடாட்டில் 'சுசு', வேர் மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களிடம் உள்ள 'எசுசு'. ஏலமும் கமிஷனும் இல்லாத நம்ம சீட்டுதான். பல குடும்பங்களின் முதல் வீட்டுக்கு முன்பணம் அதிலிருந்து வந்தது. அந்த வீடுகளின் நிலவறைகளில் சனிக்கிழமை ராத்திரி வாசலில் காசு வாங்கி டான்ஸ் நடந்தது, ஏனென்றால் மற்ற கிளப்புகளில் கறுப்பரை உள்ளே விடமாட்டார்கள். ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம், அதாவது ஆளுயர ஸ்பீக்கரும் சொந்தமாகக் கட்டிய ஆம்ப்ளிஃபயரும், இங்கே வேரூன்றியது அந்த நிலவறைகளில்தான். 1950களின் நடுவில் லண்டனில் அதைத் தொடங்கி வைத்தவர்களில் முதல் ஆள் டியூக் வின்.

லெஸ்லி பால்மர் செய்தது

70களின் தொடக்கத்தில் தெருவிழா சோர்ந்துபோயிற்று. ரோன் விலகியிருந்தார். 1973க்கு யார் நடத்துவது என்று விளம்பரம் கொடுத்துக் கூட்டிய கூட்டத்துக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். வந்தவர்களில் ஒருவர் லெஸ்லி பால்மர், ட்ரினிடாட்டில் பிறந்த இளம் ஆசிரியர். பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

அவருடைய மூளை வேலை செய்த இடம் இது: லண்டனின் கரீபியர்களில் ஜமைக்காக்காரர்களே அதிகம், அவர்களுக்குப் பானும் மாஸும் (ஒரே கருவில் உடை தைத்துக் கூட்டமாக ஆடுவதை மாஸ் என்பார்கள்) அந்நியம். அது ட்ரினிடாட் சமாச்சாரம் என்று ஒதுங்கியிருந்தார்கள். இங்கேயே பிறந்த இளசுகளுக்கோ ரெகே போதும். பால்மர் சவுண்ட் சிஸ்டங்களை நிலவறையிலிருந்து தெருமூலைக்குக் கொண்டுவந்தார், டியூக் வின் உட்பட. ஜெனரேட்டர் ஏற்பாடு செய்தார், ஊர்வலப் பாதையை நீட்டினார், ஸ்பான்சர் பிடித்தார், எல்லாத் தீவுக்காரர்களையும் மாஸ் குழு கட்டச் சொன்னார், வீட்டுக்காரர்களை வாசலில் சாப்பாட்டுக் கடை போடச் சொன்னார். இன்றைக்கு நாம் பார்க்கும் கார்னிவலின் வரைபடம் அவர் போட்டது. ட்ரினிடாட்டில் போய்த் தேடினாலும் இந்த வடிவம் கிடைக்காது. ஜமைக்கா ஸ்பீக்கரும் ட்ரினிடாட் பானும் ஒரே தெருவில் இருப்பது லண்டனில் மட்டும் சாத்தியமான கலவை, கூட்டாட்சிக் காகிதங்களால் முடியாததை ஒரு பள்ளி ஆசிரியர் ஸ்பீக்கர் வைத்துச் செய்தார். சில ஆயிரமாக இருந்த கூட்டம் 1976க்குள் ஒன்றரை லட்சம் ஆனது.

பழைய ட்ரினிடாட் ஆட்கள் இந்த ஸ்பீக்கர்களைத் திட்டினார்கள், இன்னும் திட்டுகிறார்கள், பானின் சத்தத்தையே அமுக்கிவிட்டது என்று. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டாம் தலைமுறை வந்தது அதனால்தான்.

1976, அதன் பிறகு

கூட்டம் பெருகியதும் மாநகரசபை தடை பேசியது, போலீஸ் ஆளைக் குவித்தது. அதற்கு முந்தைய வருஷங்களைவிடப் பல மடங்காக, 3,000 போலீஸார். திங்கள்கிழமை மாலை போர்ட்டபெல்லோ ரோடு பக்கம் ஒரு ஜேப்படிக் கைதில் பற்றிக்கொண்டது. 'சஸ்' என்ற சந்தேகச் சட்டத்தில் வருஷம் முழுக்கப் பிடித்துச் சோதிக்கப்பட்ட பையன்கள் கல்லெடுத்தார்கள், போலீஸ்காரர்கள் குப்பைத்தொட்டி மூடியைக் கேடயமாகப் பிடித்து ஓடினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட போலீஸார், அறுபது பேர் அளவில் பொதுமக்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அடுத்த வருஷத்திலிருந்து லண்டன் போலீஸ் கையில் பிளாஸ்டிக் கேடயம்.

அதன்பின் அமைப்பு இரண்டாகப் பிளந்தது. கார்னிவல் வளர்ச்சிக் குழு ஒன்று, டார்கஸ் ஹோவ் தலைவர். கார்னிவல் கலைக் குழு இன்னொன்று. கார்னிவலை ஏதாவது மைதானத்துக்குள் மாற்றிவிடு என்ற நெருக்கடிக்கு எதிராக மட்டும் உறுதியாக நின்றார்கள், தெருவை விடவில்லை. அது சரியான பிடிவாதம். மைதானத்துக்குள் போயிருந்தால் டிக்கெட், கேட், செக்யூரிட்டி கான்ட்ராக்ட் என்று ஐந்து வருஷத்தில் வேறு யாரோ முதலாளியாகியிருப்பார்.

ஆனால் தெருவைக் காப்பாற்றிய வேகத்தில் அறைகள் போயின. 1988இல் மாங்ரோவில் மறுபடி பெரிய ரெய்டு, கிரிச்லோ மீது போதைப்பொருள் வழக்கு, விடுதலை, 1992இல் போலீஸ் 50,000 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அதற்குள் கடையின் உயிர் போயிருந்தது. ராக்மன் அறைகளாக இருந்த வீடுகள் இன்று கோடீஸ்வரர்களின் முகவரி. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதியில் குடியிருப்பதில்லை, வெளியிலிருந்து வந்து ஆடிவிட்டுப் போகிறார்கள், வீட்டுச் சொந்தக்காரர்கள் ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டு ஊருக்குப் போகிறார்கள். உடை தைக்கும் மாஸ் கூடங்களுக்கும் பான் பயிற்சிக்கும் மாதக்கணக்கில் வாடகைக்கு இடம் வேண்டும், அந்த வாடகை யாராலும் கட்டுப்படியாகவில்லை. பவிஸ் சதுக்கத்தில் டேபர்நேகிள் என்ற பழைய தேவாலயக் கட்டிடம் இன்னும் கலை மையமாக நிற்கிறது. பாடிங்டன் பக்கம், 1900இல் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட அசாந்தி அரசியின் பெயரில் இருந்த யா அசாந்தேவா மையம் பல ஆண்டுகள் கார்னிவல் குழுக்களுக்கு வீடாக இருந்தது. பெயரிலேயே தெரிகிறதே, கரீபியர்கள் தங்கள் உடைகளை ஓர் ஆப்பிரிக்க அரசியின் கூரைக்குக் கீழே தைத்தார்கள்.

2017இல் ஊர்வலப் பாதைக்குச் சற்றுத் தொலைவில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். இப்போது கார்னிவலில் பிற்பகல் மூன்று மணிக்கு 72 வினாடி எல்லா ஸ்பீக்கரும் நிற்கும். அபராத நிதி எழுதிய 1959 மலரின் தொடர்ச்சி இன்றைக்கு எங்காவது தெரிகிறது என்றால் அது அங்கேதான். நீதி கேட்கும் உள்ளூர்ப் போராட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு விழா மட்டும் நடத்த அவர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை.

கணக்குப் பக்கம் பார்த்தால் விசித்திரம். 2003இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி கார்னிவலால் லண்டனுக்குக் கிடைத்த வரவு ஒரு வருஷத்துக்கு 9.3 கோடி பவுண்டு. ஹோட்டல், ரயில், பீர் கம்பெனி எல்லாருக்கும் பங்கு உண்டு, நடத்துகிறவர்கள் கையில் மட்டும் இல்லை. நாளொன்றுக்கு ஏழாயிரம் அளவில் போலீஸ், அதற்கு மேல் நூற்றுக்கணக்கில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஊழியர்கள், கழிப்பறை, குப்பை. 2025 கோடையில் கூட்டப் பாதுகாப்புக்கு அவசரமாகப் பணம் வேண்டும், இல்லாவிட்டால் விழாவே கேள்விக்குறி என்று அமைப்பாளர்கள் அரசுக்கு எழுத வேண்டியதாயிற்று. லண்டன் மேயர் அலுவலகமும் கென்சிங்டன்-செல்சி, வெஸ்ட்மின்ஸ்டர் மாநகரசபைகளும் சேர்ந்து பத்து லட்சம் பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்த பிறகுதான் அந்த வருஷ விழா உறுதியானது.